டிவி விவாதத்துல சின்னக் கட்சிக்கும் நாற்காலி போடுங்க: தமிழ் செய்தி சேனல்களுக்கு கடலூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் செய்தி சேனல்கள்ல ஆசிரியரா இருக்குறவங்க, விவாத நிகழ்ச்சி நடத்துறவங்க, அதுக்கு யார கூப்பிடணும் யார கூப்பிடக் கூடாதுன்னு லிஸ்ட் போடுறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வரேன். தேர்தல் நேரத்துல ராத்திரி 8 மணிக்கும் 9 மணிக்கும் நீங்க போடுற விவாதத்துல பெரும்பாலும் ரெண்டு பெரிய கட்சி ஆளுங்க, அவங்க கூட்டணில இருந்து ஒருத்தர் ரெண்டு பேர், அப்புறம் கீழ "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்"னு பேர் போட்டு ரெண்டு பேர், இவங்கதான் உக்காந்திருக்காங்க. தனியா நிக்கிற சின்னக் கட்சிக்காரர எப்பயாவது கூப்பிட்டாலும் கடைசி பெட்டில வச்சு, அவர் ரெண்டாவது வாக்கியம் ஆரம்பிக்கும்போதே "ஒரு சின்ன இடைவேளை"ன்னு போயிடுறீங்க, திரும்பி வந்தா பேச்சு வேற பக்கம் போயிருக்கு. இது தப்புங்க. தேர்தல்ல நிக்கிற கட்சி எதுவா இருந்தாலும், ஓரளவுக்கு மேல தொகுதிகள்ல ஆள் நிறுத்தி இருந்தா, அவங்களுக்கும் அந்த மேடைல மத்தவங்களுக்கு இருக்குற அதே நேரம் குடுக்கணும். இதத்தான் கேக்குறேன். நான் எந்தக் கட்சிலயும் உறுப்பினர் இல்ல, எந்த சின்னத்துக்கும் நோட்டீஸ் குடுத்ததில்ல.

மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். வேட்புமனு தாக்கல் ஆரம்பிச்சா எங்க கடைல கூட்டம் தாங்காது. பெரிய கட்சி வேட்பாளருக்கு வக்கீல் இருப்பாரு, எல்லாம் டைப் பண்ணி ஃபைல் போட்டு வந்துரும், அவர் கையெழுத்து மட்டும்தான் போடுவாரு. சின்னக் கட்சிக்காரங்களும் சுயேச்சைகளும்தான் எங்க கவுண்டர் முன்னாடி நின்னு சொத்து, வழக்கு விவரம் எல்லாம் சொல்ற படிவம் 26ஐ வரி வரியா எழுதுவாங்க. போன தடவ ஒரு அம்மா வந்தாங்க, மீனவ கிராமத்துக்காரங்க, தேர்தல் கமிஷன்ல பதிவு பண்ணி, ஆனா ஓட்டு பலம் பத்தாம அங்கீகாரம் கெடைக்காத ஒரு கட்சி சார்பா நிக்கிறாங்க. நகை எத்தன கிராம்னு எழுதணும்னு படிவத்துல இருக்கு. காதுல கெடக்குற தோடு எத்தன கிராம்னு அவங்களுக்குத் தெரியல, தோராயமா எழுதிக்கங்கம்மான்னு பக்கத்துல இருந்தவரு சொன்னாரு, அவங்க கேக்கல, பொய் எழுதுனா தப்புன்னு சொல்லி தோட்டக் கழட்டி அடுத்த தெரு அடகு கடைல எட போட்டுட்டு வந்து அப்புறம்தான் எழுதுனாங்க. கூட வந்தவங்க ஆளுக்கொரு வாக்காளர் பட்டியல வச்சுக்கிட்டு பாகம் எண், வரிசை எண் தேடிட்டு இருந்தாங்க. ஏன்னா அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும், அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் சுயேச்சைக்கும் 10 பேர் முன்மொழியணும், அதுல ஒருத்தர் நம்பர் மாறிப்போனாலும் மனு தள்ளுபடி ஆகலாம். சட்டசபைக்கு டெபாசிட் 10,000 ரூபா, எஸ்சி எஸ்டி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலன்னா அந்தக் காசு போச்சு.

இவ்வளவும் பண்ணி நிக்கிற அந்த அம்மாவுக்கோ அவங்க கட்சிக்கோ உங்க ஸ்டூடியோல இடம் கெடையாது. ஆனா உங்க "விமர்சகர்" 10,000 ரூபா கட்டல, 10 பேர் கையெழுத்து வாங்கல, சொத்துக் கணக்கு காட்டல, நாளைக்கு ஜெயிச்சா என்ன செய்வேன்னு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது இல்ல. அவருக்கு தெனமும் நாற்காலி இருக்கு. விமர்சகர் வேணாம்னு சொல்லல, மத்த நாள்ல எல்லாம் கூப்பிடுங்க. தேர்தல் அறிவிச்சதுல இருந்து பிரசாரம் முடியுற வரைக்குமாவது அந்த நாற்காலிய நிக்கிறவங்களுக்குக் குடுங்கன்னுதான் சொல்றேன்.

ஓட்டு மெஷின பாத்திருப்பீங்க. ஒரு பேலட் யூனிட்ல நோட்டாவோட சேத்து 16 வரி. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருங்க மேல, அடுத்தது பதிவு பண்ணுன கட்சிங்க, கடைசில சுயேச்சைங்க, அந்த வரிசை வித்தியாசம் இருக்கு. ஆனா எல்லாருக்கும் பட்டன் ஒரே சைஸ், போட்டோ ஒரே சைஸ், சின்னம் ஒரே சைஸ். பூத்துக்குள்ள போற வரைக்கும் மூணு நாலு முகத்த மட்டும் பாத்துப் பழகுன ஒருத்தருக்கு, மெஷின் முன்னாடி நின்னா மீதி பத்து வரியும் யாரோ எவரோதான். அந்தப் பத்து வரி என்ன சொல்லுதுன்னு காட்ட வேண்டிய வேல உங்களோடதுங்க.

"போன தேர்தல்ல எத்தன சீட்டு ஜெயிச்சாங்க, அத வச்சுதான் கூப்பிடுவோம்"னு நீங்க சொல்லலாம். இந்தக் கணக்கு எங்க ஊர்ப் பக்கம் எடுபடாது. போன வருஷம் பேஞ்ச மழைய வச்சு இந்த வருஷம் வீராணம் ஏரி மதகத் தொறக்குற மாதிரி இருக்கு அது. நடந்தத சொல்றேன். விஜயகாந்த் 2005 செப்டம்பர்ல தேமுதிக ஆரம்பிச்சாரு. 2006ல தமிழ்நாடு பூரா 8 சதவீதத்துக்கு மேல ஓட்டு, ஆனா ஜெயிச்சது ஒரே ஒரு சீட்டு, அது எங்க மாவட்டத்து விருத்தாசலம். சீட்டக் கணக்குப் பண்ணுனா அது ஒரு ஆள் கட்சி. 2011ல அதே கட்சி கூட்டணில நின்னு 29 சீட்டு ஜெயிச்சு எதிர்க்கட்சியா உக்காந்துச்சு.

அதவிடப் பெருசு பக்கத்துல புதுச்சேரில நடந்தது. ரங்கசாமி என்.ஆர். காங்கிரஸ் ஆரம்பிச்சது 2011 பிப்ரவரில. தேர்தல் நடந்தது ஏப்ரல்ல. ரெண்டே மாசம்தான் வயசு, 30 சீட்டுல 15 ஜெயிச்சு, ஒரு சுயேச்சை ஆதரவோட ஆட்சிக்கே வந்துருச்சு. போன தேர்தல் பலம்னு பாத்தா அந்தக் கட்சிக்கு பலம் ஜீரோ, ஏன்னா போன தேர்தல்ல அந்தக் கட்சியே இல்ல. உங்க விதிப்படி ஆட்சிக்கு வரப்போற கட்சிக்கே விவாதத்துல எடம் கெடையாது. சரி, அவர் ஏற்கனவே முதல்வரா இருந்தவரு, தெரிஞ்ச முகம், அதனால கூப்பிட்டிருப்போம்னு சொல்வீங்க. அப்போ விதிங்குறது எங்க இருக்கு, தெரிஞ்ச முகமா இல்லையாங்குறதுதானே விதியா ஆகுது? தெரியாத முகம் என்ன பண்ணும்?

இன்னொண்ணும் பாருங்க. புதுச்சேரில 2021 ரிசல்ட்: என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6, திமுக 6, காங்கிரஸ் 2, சுயேச்சைங்க 6. ஜெயிச்ச 30 பேர்ல 6 பேர் எந்தக் கட்சியும் இல்லாதவங்க, அஞ்சுல ஒருத்தர். ரெண்டு தொகுதில நின்ன ரங்கசாமியவே ஏனாம்ல ஒரு சுயேச்சைதான் தோக்கடிச்சாரு, தட்டாஞ்சாவடில ஜெயிச்சதாலதான் அவர் சட்டசபைக்குள்ள வர முடிஞ்சுது. அந்தத் தேர்தலுக்கு முன்னாடி ஜனங்க மனசுல என்ன ஓடுதுன்னு பெரிய கட்சிப் பேச்சாளருங்கள மட்டும் உக்கார வச்சு கேட்டா எப்படிங்க தெரியும்?

எங்க அக்காவ குடுத்திருக்குறது பாகூர்ல. மாமா நியூஸ் பாக்காம சாப்பிட மாட்டாரு. போன தேர்தலப்போ ஒரு நாள் ராத்திரி போயிருந்தேன், அவர் ரிமோட்ட வச்சுக்கிட்டு சேனல் சேனலா மாத்திட்டு சொன்னாரு, "தம்பி, நாங்களும் ஓட்டுதான் போடுறோம், எங்க முப்பது தொகுதியப் பத்தி ஒருத்தனாவது பேசுறானா பாரு, கீழ ஓடுற எழுத்துல மட்டும் புதுச்சேரின்னு வருது". உண்மைதான். சென்னைல இருந்து பாத்தா புதுச்சேரியே ஒரு சின்னக் கட்சி மாதிரிதான் தெரியுது போல. ஏஎஃப்டி துணி மில்ல 2020 ஏப்ரலோட மூடிட்டாங்க, எத்தன குடும்பம் அத நம்பி இருந்துச்சு. ரேஷன் கடைல அரிசி போடாம பேங்குல காசு போடுறேன்னு சொன்ன காலத்துல எத்தன பொம்பளைங்க ரோட்டுக்கு வந்தாங்க. மாநில அந்தஸ்து கேட்டு சட்டசபைல எத்தன தடவ தீர்மானம் போட்டாச்சு. இதுல ஒவ்வொண்ணுலயும் மாறி மாறி ஆட்சில இருந்தவங்களுக்கு பங்கு இருக்கு, அவங்க ரெண்டு பேர மட்டும் கூப்பிட்டா உன் ஆட்சில நடந்துச்சு, இல்ல உன் ஆட்சிலதான்னு முடிஞ்சுரும். ரெண்டு பேரையும் பாத்து நீ என்ன பண்ணுனன்னு கேக்க மூணாவது ஆள் வேணும்.

எங்க கடலூர் கதையும் அதேதான். சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்களுக்குப் பக்கத்துல குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம்னு ஊருங்க இருக்கு, அங்க ராத்திரில வர்ற நாத்தத்த ஒரு நாள் வந்து மோந்து பாத்தா தெரியும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் நடத்துற என்எல்சிக்காக 2023 ஜூலைல வளையமாதேவில நெல்லு நிக்கிற வயல்லயே மெஷின எறக்கி கால்வா தோண்டுனாங்க. அந்தப் படத்த நீங்களே திரும்பத் திரும்ப போட்டீங்க. என்எல்சி மத்திய அரசு கம்பெனி, நெலத்த எடுத்துக் குடுக்குறது மாநில அரசு. மத்தில ஆள்றவங்களும் மாநிலத்துல ஆள்றவங்களும் இதுல ஒருத்தர ஒருத்தர் கைய காட்டுவாங்களே தவிர, வயல் போனவனுக்காகப் பேசுற ஆள் அந்த மேடைல வேற யாராவதாத்தான் இருக்கணும். அந்த நேரம் தெருவுல நின்னவங்க பாமகல இருந்து கம்யூனிஸ்ட் வரைக்கும், ஊருக்குள்ள மட்டும் தெரியுற சின்னச் சின்ன அமைப்பு வரைக்கும் பல பேர். அவங்க சொல்றது எல்லாம் சரின்னு நான் சொல்ல வரல. அவங்க கேக்குற கேள்விய பெரிய கட்சிக்காரர் முகத்துக்கு நேரா, நேரலைல கேக்கட்டும்னுதான் சொல்றேன்.

இப்போ "ஓட்டப் பிரிக்கிறவங்க" பிரச்சனைக்கு வரேன். சின்னக் கட்சிய கூப்பிட்டாலே "நீங்க யாரோட பி டீம்?", அதாவது எந்தப் பெரிய கட்சிக்காக மறைமுகமா நிக்கிறீங்கன்னுதான் மொத கேள்வி வருது. கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா பதில் சொல்ல நேரம் குடுங்க. அவர் எதிர்லயே அந்த ஏ டீமும் உக்காந்திருந்தா பாக்குறவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. ஓட்டு யாருக்கும் பட்டா போட்டுக் குடுத்த நெலம் இல்ல, அதப் பிரிக்கிறதுக்கு. 2016ல எங்க காட்டுமன்னார்கோயில்ல திருமாவளவன் 87 ஓட்டுல தோத்தாரு. எம்பத்தேழு! அந்தத் தொகுதில நோட்டா, சுயேச்சை, அங்க நின்ன ஒவ்வொரு கட்சி ஓட்டும் ரிசல்ட்டத் திருப்பி இருக்கலாம். அப்படி ஒவ்வொரு ஓட்டுக்கும் கனம் இருக்குற எடத்துல, அதுல கொஞ்சம் வாங்கப்போறவர் என்ன சொல்றாருன்னு முன்னாடியே தெரிஞ்சுக்குறது ஓட்டர் உரிம.

அதே 2016ல இன்னொரு கணக்கும் இருக்கு. பாமக தனியா நின்னு 5 சதவீதத்துக்கு மேல வாங்குச்சு, தமிழ்நாடு முழுக்க 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு, சீட்டு ஒண்ணு கூட கெடைக்கல. சீமான் எங்க கடலூர்லயே வந்து நின்னாரு, தோத்தாரு, அந்தத் தேர்தல்ல நாம் தமிழருக்கு கெடைச்சது 1 சதவீதம் கிட்ட, 2024ல 8 சதவீதத்தத் தாண்டி அங்கீகாரம் வாங்கிட்டாங்க. இடைல இருந்த எட்டு வருஷத்துல அவங்களுக்குப் போட்ட லட்சக்கணக்கான ஜனங்களுக்கு சட்டசபைல ஒரு எம்எல்ஏ கூட கெடையாது. நம்ம தேர்தல் முறை அப்படி, தொகுதில மொத எடம் வந்தவருக்குத்தான் எல்லாம். சட்டசபைக் கதவு அந்தக் கணக்குல மூடிக்கிச்சுன்னா டிவியும் அதே கணக்க எடுத்து அதே கதவ மூடணுமா? பாமகவுக்குப் போட்ட அந்த 20 லட்சம் பேரும் உங்க சேனலப் பாக்குறவங்கதானே.

அரசு டிவிக்குப் போகச் சொல்லாதீங்க. தூர்தர்ஷன்லயும் ஆல் இந்தியா ரேடியோலயும் தேர்தல் கமிஷன் இலவச நேரம் ஒதுக்குது, 1998ல இருந்து நடக்குது. அது அங்கீகாரம் பெற்ற தேசிய, மாநிலக் கட்சிங்களுக்கு மட்டும்தான். அந்த அங்கீகாரத்துக்கு 6 சதவீத ஓட்டோட 2 எம்எல்ஏ, இல்லன்னா 8 சதவீத ஓட்டு, இந்த மாதிரி சில கணக்கு வச்சிருக்காங்க. அதுலயும் ஒரு நல்லது என்னன்னா எல்லா அங்கீகாரக் கட்சிக்கும் அடிப்படையா ஒரே அளவு நேரம் குடுத்துட்டு, அதுக்கு மேலதான் போன தேர்தல் ஓட்டுக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குடுக்குறாங்க. விதின்னு ஒண்ணு எழுத்துல இருக்கு, யார் வேணாலும் படிச்சுப் பாக்கலாம். உங்க சேனல்ல அப்படி எழுதி வச்ச விதி ஒண்ணு இருந்தா எங்களுக்கும் காட்டுங்க.

சத்தம், கூச்சல், ஏழெட்டுப் பேர் உக்காந்தா ஒண்ணும் புரியாதுன்னு சொல்லுவீங்க. நாலு பேர் இருக்கும்போதே இப்போ ஒண்ணும் புரியலைங்க, அதுக்குக் காரணம் ஆள் எண்ணிக்கை இல்ல, ஒருத்தர் பேசும்போது அடுத்தவர் மைக்க ஆன்ல வச்சிருக்குறதுதான். பிரிட்டன்ல 2010ல மொத மொத டிவி விவாதம் வச்சப்போ மூணு தலைவருங்கள மட்டும்தான் கூப்பிட்டாங்க. ஸ்காட்லாந்து எஸ்என்பி கட்சி கோர்ட்டுக்குப் போயும் கெடைக்கல. 2015 ஏப்ரல் 2ஆம் தேதி அதே நாட்டுல பிரதமர் கேமரூனையும் சேத்து ஏழு தலைவருங்கள ஒரே மேடைல நிக்க வச்சு ரெண்டு மணி நேரம் நடத்துனாங்க. அதுல எஸ்என்பி இருந்துச்சு, பசுமைக் கட்சி இருந்துச்சு, வேல்ஸ்ல மட்டும் நிக்கிற பிளைட் கம்ரி கட்சி கூட இருந்துச்சு. அந்தத் தேர்தல்ல ஸ்காட்லாந்தோட 59 சீட்டுல 56 எஸ்என்பிக்கு, 2010ல அவங்க வச்சிருந்தது வெறும் 6. விவாதத்தாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்லல. ஆனா 56 சீட்டு ஜெயிக்கப்போற ஒரு கட்சிய பழைய 6 சீட்ட காரணம் காட்டி வெளிய நிறுத்தி இருந்தா எவ்வளவு பெரிய தப்பா போயிருக்கும். வேல்ஸ் கட்சிக்கு நாடு முழுக்கத் தெரியுற மேடைல எடம் குடுக்க முடியும்னா, காரைக்கால்லயும் புதுச்சேரிலயும் மட்டும் நிக்கிற கட்சிக்கு உங்களால குடுக்க முடியாதா?

அமெரிக்காவ பாத்து எச்சரிக்கையா இருக்கணும். 1992ல ராஸ் பெரோ சுயேச்சையா நின்னாரு, புஷ், கிளின்டன் கூட விவாத மேடைல ஏறுனாரு, 19 சதவீதம் கிட்ட ஓட்டு வாங்குனாரு. 1996ல மறுபடி நின்னப்போ அவர மேடைல ஏத்தல. 2000ல இருந்து கருத்துக்கணிப்புல 15 சதவீதம் இருந்தாத்தான் எடம்னு விதி வச்சாங்க. அந்த விதிய வச்ச ஆணையத்த 1987ல ஆரம்பிச்சதே ரெண்டு பெரிய கட்சித் தலைமையும் சேந்துதான். கருத்துக்கணிப்புல வரணும்னா டிவில தெரியணும், டிவில தெரியணும்னா கருத்துக்கணிப்புல வரணும்னு சொன்னா சின்னவன் எந்தப் பக்கமா உள்ள வருவான்? நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு விதியக் கொண்டாந்துராதீங்க, கையெடுத்து கும்பிடுறேன். அதுலயும் இங்க கருத்துக்கணிப்ப யார் நடத்துறாங்க, யார் காசு குடுக்குறாங்கன்னே பாதி நேரம் தெரியாது.

எப்படிப் பண்ணலாம்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். வேட்புமனு வாபஸ் வாங்குற கடைசி நாள் சாயங்காலம் இறுதி வேட்பாளர் பட்டியல் வந்துரும், சின்னமும் ஒதுக்கிருவாங்க. அந்தப் பட்டியல வச்சே முடிவு பண்ணுங்க, தமிழ்நாட்டுல பாதி தொகுதிக்கு மேல, புதுச்சேரில 10 தொகுதிக்கு மேல ஆள் நிறுத்தி இருக்குற எந்தக் கட்சியா இருந்தாலும் உள்ள வரட்டும். அவ்வளவு எடத்துல ஆள் நிறுத்துறது சும்மா இல்ல, 117 தொகுதின்னாலே டெபாசிட் மட்டும் 10 லட்சத்துக்கு மேல ஆகும், வெளையாட்டுக்கு நிக்கிறவங்க அங்கயே வடிகட்டி நின்னுருவாங்க. ஏழெட்டுக் கட்சிக்கு மேல வந்தா ரெண்டு ராத்திரியா பிரிச்சு, யார் எந்த ராத்திரின்னு நேரலைல சீட்டுக் குலுக்கிப் போடுங்க. தயவு செஞ்சு பெரியவங்க ஒரு நாள், சின்னவங்க ஒரு நாள்னு மட்டும் பிரிக்காதீங்க, சின்னவங்க நாளன்னைக்கு யாரும் டிவி போட மாட்டாங்க, உங்களுக்கும் அது தெரியும். ஒருத்தருக்கு ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம், நேரம் முடிஞ்சா மைக் தானா ஆஃப் ஆகணும், அது அமைச்சரா இருந்தாலும் சரி.

பட்டியல் வந்ததுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவுல ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா கொஞ்சம் கூட இருக்கும், கடைசி 48 மணி நேரம் பிரசாரமே கூடாது. அங்கீகாரம் இல்லாத பல கட்சிக்கு சின்னம் எதுன்னே கடைசி நேரத்துலதான் உறுதியா தெரியும். 2024ல நாம் தமிழர் பல வருஷமா நின்ன கரும்பு விவசாயி சின்னம் வேற கட்சிக்குப் போயி, கடைசில மைக்கு சின்னத்துல நின்னாங்க. பெரிய கட்சிக்கு சின்னம் மாறாது, பாட்டி காலத்துல இருந்து சொவத்துல இருக்கு. இவங்க அந்த ரெண்டு வாரத்துல லட்சக்கணக்கான பேருக்கு புது சின்னத்தக் கொண்டு போகணும். 2021ல தமிழ்நாட்டு சட்டமன்றத் தொகுதி ஒண்ணுக்கு சராசரியா ரெண்டரை லட்சம் ஓட்டருக்கு மேல, புதுச்சேரில 33 ஆயிரம் கிட்ட. புதுச்சேரில வீடு வீடா நடந்தே போயிரலாம், அதனாலயே அங்க சுயேச்சை ஜெயிக்க முடியுது. கடலூர்ல நடந்து முடியாது, டிவி இல்லன்னா முடியவே முடியாது.

தொகுதி அளவுலயும் ஒண்ணு பண்ணலாம். உள்ளூர் கேபிள் சேனல்காரங்களையும் சேத்துத்தான் சொல்றேன். கடலூர் டவுன்ஹால்லயோ புதுச்சேரி கம்பன் கலையரங்கத்துலயோ ஒரு சாயங்காலம் அந்தத் தொகுதில நிக்கிற எல்லா வேட்பாளரையும் சுயேச்சையோட சேத்து உக்கார வச்சு, முன்னாடி ஓட்டருங்கள உக்கார வச்சு கேள்வி கேக்க விடுங்க. பெரிய கட்சி வேட்பாளர் வர மாட்டேன்னு சொன்னா அவர் நாற்காலிய காலியா போட்டு பேர் எழுதி வச்சு நடத்துங்க. நம்ம ஊர்ல முதல்வர் வேட்பாளருங்க நேருக்கு நேர் டிவில பேசுற பழக்கமே இன்னும் வரல, எல்லாம் செய்தித் தொடர்பாளருங்கதான். அந்தப் பழக்கத்த மேல இருந்து ஆரம்பிக்க முடியலன்னா தொகுதில இருந்து ஆரம்பிங்க.

நான் சொன்ன பாதி தொகுதி, 10 தொகுதிங்குற அளவு உங்களுக்கு ஒத்து வரலன்னா வேற அளவு வைங்க, ஒண்ணும் தப்பில்ல. ஆனா தேர்தல் தேதி அறிவிச்ச ஒரு வாரத்துக்குள்ள, மனு தாக்கல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, எங்க விவாதத்துக்கு எந்த விதிய வச்சு ஆள் கூப்பிடுவோம்னு உங்க திரைல எழுத்துல போடுங்க. இறுதிப் பட்டியல் வந்ததும், கூப்பிடாத கட்சிக்கு ஏன் கூப்பிடலன்னு அதுக்கும் கீழ காரணம் போடுங்க. அந்த விதிய நான் பிரிண்ட் எடுத்து கடை முன்னாடி ஒட்டுறேன், மனு எழுத வர்ற ஒவ்வொருத்தரும் படிச்சுட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், கடலூர் தொகுதி வாக்காளர்